வலது பக்கத்து வெல்டிங்

வெல்டரும் டிரைவரும் ஒரே வண்டியில் ஏறப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கம்பெனி யார்டில் இருந்த அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். வண்டியைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. இரண்டு வருஷமாக ஒருத்தர் நிழல் இன்னொருத்தர் மேல் படாமல் நடந்த இரண்டு பேர், தோளோடு தோள் இடிக்கும் ஒரு சின்ன கேபினுக்குள் உட்கார்ந்து பாலைவனத்துக்குள் போய்வரப் போகிறார்கள் என்றால், ஓசியில் கிடைக்கிற வேடிக்கையை யார் விடுவார்?

டிரைவர் அந்நியர் இல்லை. வெல்டரின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவர். ஒரு காலத்தில் "மாப்ள, வா", "மச்சான், சாப்ட்டியா" என்று ஒரே தட்டில் கை வைத்தவர்கள்தான். சண்டை வந்த பிறகு இரண்டு பேருக்கும் திடீரென்று மரியாதை பொங்கிவிட்டது. வாங்க, போங்க. மச்சான் போய் 'வெல்டர்' ஆனார். மாப்பிள்ளை போய் 'டிரைவர்' ஆனார். அந்த மரியாதையைக் கேட்டாலே பக்கத்தில் நிற்பவருக்குக் குளிரெடுக்கும்.

தண்ணீர்க் குழாய் பதிக்கிற கம்பெனி அது. வேலையாட்கள் தங்கும் முகாம் மணலுக்குள் வெகுதூரம் நகர்ந்துபோய்விட்டது. மணலுக்கென்றே செய்த வண்டி கேட்டால் மேலிடம் கையை விரித்துவிட்டது. மேனேஜர் ஒரு கிழட்டு பிக்கப்பைக் காட்டி, இதையே எப்படியாவது ஓடவைக்க வேண்டும் என்றார். கொடுத்த தொகையைக் கேட்டு மற்ற பட்டறைக்காரர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். வெல்டருக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. இரண்டு வருஷமாக அவர் கைக்கு வந்ததெல்லாம் ஜன்னல் கம்பியும் கேட்டும்தான். பாரம் தாங்குகிற இரும்பு எதையும் அவரிடம் ஒருத்தரும் கொடுப்பதில்லை.

ஒத்துக்கொண்டார். உடைத்துப்போட்ட டிராக்டர் ஒன்றிலிருந்து நாலு பெரிய டயர்களைக் கழற்றிவந்தார். அவை உள்ளே போக மட்கார்டுத் தகரத்தைக் கிரைண்டரால் அறுத்தார். வண்டியைத் தூக்கி நிறுத்த, பின் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாகக் கனமான இரும்புக் கட்டை வைத்து வெல்டிங் அடித்தார். எல்லாம் முடிந்தபோது வண்டி சின்ன உடம்பும் நீளக் காலுமாக நின்றது. யார்டுக்காரர்கள் உடனே 'கொக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பரீட்சை இதுதான். மணல் மூட்டை ஒரு டன் ஏற்றிக்கொண்டு, இருபது கிலோமீட்டர் தள்ளி மேட்டில் நிற்கிற கம்பம்வரை போக வேண்டும். அதன் அடியில் சர்வேக்காரர்கள் விட்டுவந்த சிவப்புக் கேனை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டியோ பழுது பார்த்த வண்டியோ, முதல் ஓட்டத்தில் செய்தவன் உள்ளே உட்கார்ந்து போக வேண்டும். தன் உயிரையும் சேர்த்து ஏற்றினால்தான் ஒழுங்காகச் செய்வான் என்று கணக்கு. கொக்கு முழுசாகத் திரும்பி வந்தால் முகாமின் வெல்டிங் வேலை முழுக்க அவருக்கு. போன பெயர் திரும்பிவிடும். உடைந்தால், மிச்சமிருக்கிற ஜன்னல் கம்பியும் போய்விடும்.

ஓட்டப் போவது கம்பெனி டிரைவர். அதாவது, அந்த வெல்டிங் உடைய வேண்டும் என்று உலகத்திலேயே அதிகமாக ஆசைப்படுகிற ஆள்.

காரணம் இல்லாமலா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெல்டர் செய்துகொடுத்த டிரெய்லர் கொக்கி மேட்டில் ஏறும்போது விட்டுப்போய், டிரெய்லர் பின்னோக்கி உருண்டு, கல் வைக்க ஓடிய டிரைவரின் வலது காலில் ஏறியது. முழங்கால் அப்புறம் மடங்கவே இல்லை; நீட்டிய காலோடுதான் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டார். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. "வெல்டிங் சரியில்லை" என்றார் டிரைவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. "ரெண்டு டன் கொக்கியில மூணு டன் மாட்டுனா எவன் வெல்டிங் நிக்கும்?" என்று வெல்டர் தெருவில் நின்று கேட்டார். அன்றைக்கு உடைந்த கொக்கியை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பழைய இரும்புக் குவியலின் அடியில் எறிந்தவரும் அவர்தான். பாதித் தெரு அவர் பக்கம், பாதித் தெரு இவர் பக்கம். நடுவில் தங்கை ஒருத்தி மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அவள் வீட்டில் பெரிய அடுப்பு வைத்துக் கடைகளுக்கு ரொட்டி சுட்டுப் போடுகிறவள். கொக்கு வேலை நடந்தபோது ஒருநாள் பட்டறைக்கு வந்து, மூலையில் கிடந்த வெல்டிங் ராடுக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டாள்.

"இதெல்லாம் நமுத்துக் கிடக்குண்ணா. என் அடுப்புல வெச்சு ராத்திரி முழுக்கச் சூடு பண்ணித் தரேன்."

வெல்டர் ஏதோ பாசத்தில் செய்கிறாள் என்று விட்டுவிட்டார். மறுநாள் அவள் கொண்டுவந்த சூடான ராடில் இடது பக்கக் கட்டையை அடித்து முடித்தார். மிச்ச ராடையும் எடுக்க அவள் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அவருதான் சொன்னாரு. ஈர ராடுல அடிச்சா உள்ள நுரை விட்ட மாதிரி ஆயிடுமாம்."

வெல்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ராடுகளை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"ஸ்டியரிங் பிடிக்கறவன் எனக்கு ராடு பிடிக்கக் கத்துத்தர்றானா? வெயில் இல்லையா இந்த ஊர்ல? வெயில்ல காஞ்சா போதும். இருபது வருஷமா அப்படித்தான் அடிக்கறேன்."

தகரக் கூரை மேல் ஒரு பகல் காயவைத்து, அந்த ராடிலேயே வலது பக்கத்தை அடித்தார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

யார்டு கேட்டைத் தாண்டியதும் டிரைவர் முதல் குத்தலை எடுத்துவிட்டார்.

"நாலாவது கியர்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு? அலங்காரத்துக்கா?"

பெரிய டயரை உருட்ட அந்தச் சின்ன எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது உண்மைதான். நாலாவது போட்டால் வண்டி இருமியது.

"மூணாவதுலயே போங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

"பிரேக்கும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. திருப்புனா டயர் தகரத்துல தேயுது. நாத்தம் வருது பாருங்க."

"அந்த நாத்தம் நீங்க ஏறுனதுமே வந்துருச்சு."

டிரைவர் சிரிக்கவில்லை. தார் ரோடு முடிந்த இடத்தில் இறங்கி, ஒவ்வொரு டயரிலும் வால்வை ஆணியால் அழுத்திக் காற்றை இறக்கினார். மணலில் டயர் பரந்து உட்கார்ந்தால்தான் புதையாது. மடங்காத காலை முன்னால் நீட்டி, ஒற்றைக் காலில் குனிந்து நாலு டயருக்கும் அவர் அதைச் செய்வதை வெல்டர் சீட்டில் இருந்தபடியே பார்த்தார். இறங்கி உதவியிருக்கலாம். இறங்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது ஆட்டம். நேராகப் போகிற தடத்தை விட்டுவிட்டு, கல் துருத்திக்கொண்டிருந்த பக்கமாக டிரைவர் வண்டியை ஒடித்தார். பின்பக்கம் தூக்கி அடித்தது. ஒரு டன் மூட்டையும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தது. வெல்டரின் தலை கூரையில் இடித்தது.

"பாதை அந்தப் பக்கம் இருக்கு, டிரைவர்."

"முகாமுக்குப் போற வழியில பூப்பந்தலா போட்டிருக்கு? டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டு."

வேண்டுமென்றே செய்கிறார் என்று வெல்டருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் எரிச்சல் வந்தது. ஆனால் அந்த எரிச்சலுக்குள் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. உடைடா பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு குழியிலும் காதை மட்டும் பின்னால் வைத்துக் கேட்டார். சத்தம் ஒன்றும் வரவில்லை. காய்ந்த ஓடை ஒன்றில் டிரைவர் வண்டியைக் கிட்டத்தட்ட எறிந்தார். கொக்கு முனகிக்கொண்டே மறுகரை ஏறியது. கடைசி மணல் மேட்டில் இரண்டு தடவை பாதியில் நின்று, மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பம் நின்றது. அதன் அடியில் சிவப்புக் கேன் கிடந்தது.

வெல்டர் இறங்கிப்போய்க் கேனை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன, டிரைவர். மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப் போச்சு?"

டிரைவர் வண்டியைத் திருப்பினார். இறங்கும்போது கோபத்தில் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டார். முன்டயர் தகரத்தில் சிக்கித் திரும்ப மறுத்தது. வண்டி நேராகப் போய் மேட்டின் அடிவாரத்துப் பொடிமணலில் இறங்கி நின்றது. வலது பின்டயர் பாதிக்குமேல் உள்ளே. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் தோண்டிக்கொண்டு போனது.

இரண்டு பேரும் இறங்கினார்கள். வெயில் மண்டையில் ஏறியிருந்தது. வெல்டர் பலகை போட்டு, டயருக்குப் பக்கத்தில் வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே ஜாக்கியை வைத்து ஏற்றினார். ஜாக்கி உயர்ந்தது, உடம்பு உயர்ந்தது, டயர் மட்டும் மணலைவிட்டு அசையவில்லை. ஜாக்கி கடைசிவரை நீண்டு நின்றுவிட்டது.

"கொக்குக்குக் காலை நீட்டுனீங்க. ஜாக்கிய நீட்டலையே" என்றார் டிரைவர்.

"வண்டியில ஜாக்கி வெக்கறது டிரைவர் வேலை."

"வண்டிய ஒசத்தப் போறேன்னு டிரைவர்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். பேச்சுவார்த்தை இருந்தால்தானே சொல்வதற்கு. இனி கையால்தான் தோண்ட வேண்டும். டிரைவருக்கு மண்டி போட முடியாது. படுத்தால் எழுந்திருக்க இன்னொருத்தர் கை வேண்டும். அந்தக் கையை இந்த ஆளிடம் கேட்பதைவிட அவர் மணலிலேயே மக்கிப்போவார். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு டயருக்கு முன்னால் நின்றபடி வாரினார். வெல்டர் வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோனார்.

உள்ளே மல்லாந்து படுத்து, ஆக்சிலுக்குக் கீழே இருந்த மணலைக் கையால் தள்ளினார். நிமிர்ந்து பார்த்தார். கை நின்றது.

ஜாக்கி உடம்பைத் தூக்கிப் பிடித்திருக்க, டயர் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் அவர் வைத்த வலது பக்கத்து இரும்புக் கட்டை ஒரு ஓரமாக வாயைத் திறந்திருந்தது. நகம் நுழைகிற அகலம். வெடிப்பின் உள்ளே இரும்பு முழுக்க ஊசித்துளைகள், ரொட்டியைப் பிய்த்தால் தெரிகிற மாதிரி.

இடது பக்கம் தலையைத் திருப்பினார். அங்கே வெல்டிங் வரி ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. தங்கை அடுப்பில் வைத்துக் கொடுத்த ராடு.

அந்த ஊசித்துளைகளை வெல்டருக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடைந்த கொக்கியில் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு பார்வை. அந்த ஒரு பார்வையை அவர் தனக்கே மறைத்து, மேலே மூணு டன்னைத் தூக்கிப் போட்டு மூடிவைத்திருந்தார். அந்தக் கொக்கிக்கு அடித்த ராடும் இதே தகரக் கூரையில்தான் காய்ந்தது.

"என்ன, அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" வெளியேயிருந்து குரல் வந்தது.

வெல்டர் வெளியே ஊர்ந்து வந்து ஜாக்கியை இறக்கினார். மறுபடி உள்ளே போனார். பாரம் உட்கார்ந்ததும் வெடிப்பு மூடிக்கொண்டு மயிரிழையாகிவிட்டது. ஆக்சிலில் வழிந்திருந்த கிரீஸைக் கட்டைவிரலால் வழித்து அதன்மேல் தடவி, ஒரு பிடி மணலை எடுத்துத் தேய்த்தார். கோடு மறைந்தது. இனி மேனேஜரே படுத்துப் பார்த்தாலும் தெரியாது. மெதுவாக யார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், நாளைக்கே ஏதாவது சாக்கு சொல்லி வண்டியைப் பட்டறைக்கு இழுத்து, ஒருத்தருக்கும் தெரியாமல் திரும்ப அடித்துவிடலாம். அந்தக் கணக்கும் உடனே மனசில் ஓடியது.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"நிக்குதா?" என்றார் டிரைவர்.

"எது?"

"உங்க வெல்டிங்."

"நிக்குது."

படுத்திருந்த இடத்திலிருந்து வெல்டருக்கு டிரைவரின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு பாதம் நேராக, ஒரு பாதம் வெளியே திரும்பி.

"அப்ப சரி. இதைக் கேக்கத்தான ரெண்டு வருஷமா காத்துட்டிருந்தீங்க, கேட்டுக்குங்க." டிரைவரின் குரலில் கசப்பு அப்படியே இருந்தது. "அன்னைக்கு மூட்டைய நான்தான் எண்ணுனேன். ரெண்டு டன்னுனுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். ஆனா எண்ணும்போது நடுவுல யாரோ கூப்பிட்டாங்க. திரும்பி வந்து எந்த எண்ணிக்கைல விட்டேன்னு ஞாபகம் இல்ல. ஒருவேளை கூட ஏத்திட்டேனோன்னு ஆஸ்பத்திரில தூக்கமே வராது. அவகிட்டகூடச் சொன்னதில்ல."

டிரைவர் மண்வெட்டியை மணலில் ஊன்றிக்கொண்டார்.

"இன்னைக்கு இத ஒடைக்கணும்னுதான் ஓட்டுனேன். அது உங்களுக்கே தெரியும். ஒடஞ்சிருந்தா, அன்னைக்கும் வெல்டிங்தான்னு நிம்மதியாப் படுத்திருப்பேன். ஒடையல. அப்ப என் காலை நானேதான் ஒடச்சுக்கிட்டேன் போல. போதுமா? தெருவுல போய்ச் சொல்லிக்குங்க."

இந்த வார்த்தைக்காக வெல்டர் எத்தனை நாள் ஏங்கியிருப்பார். டிரைவர் தன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும், தான் அதைக் கேட்டு மீசையை முறுக்க வேண்டும் என்று எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பார். இப்போது கேட்டாயிற்று. அந்தத் திரும்பின பாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். காலையும் எடுத்துக்கொண்டு, அதற்கான பழியையும் அந்த ஆளிடமே கொடுத்து, தூக்கத்தையும் பறித்திருக்கிறேன் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சட்டைப் பையில் சாக்குக்கட்டி இருந்தது. பட்டறைக்காரர்களுக்குள் ஒரு பழக்கம். குறை தெரிந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவார்கள். வட்டம் போட்ட இரும்பை அதற்கப்புறம் ஒருத்தரும் நல்லது என்று சொல்ல முடியாது. வெல்டர் கிரீஸைச் சட்டை ஓரத்தால் அழுத்தித் துடைத்தார். அந்த மயிரிழையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். படுத்தபடி போட்டதில் வட்டம் கோணலாக வந்தது.

வெளியே வந்தார். கதவுப் பக்கத்துக் கண்ணாடி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அதைத் திருகிப் பிடுங்கினார்.

"எதுக்கு அத ஒடைக்கறீங்க?"

"குனிய வேண்டாம். அப்படியே நின்னு பாருங்க."

மறுபடி ஜாக்கியை ஏற்றிவிட்டு, மணலில் படுத்துக் கையை உள்ளே நீட்டிக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார். டிரைவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கண்ணாடியில் வெள்ளை வட்டமும், அதற்குள் திறந்திருந்த வாயும் தெரிந்தன.

டிரைவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எந்த ராடு?"

"வெயில்ல காயவெச்சது."

"இடது பக்கம்?"

"அவ அடுப்புல வெச்சது. அது நிக்குது."

"அந்தக் கொக்கி?"

"அதுவும் வெயில்ல காஞ்சதுதான். உள்ள இதே ஓட்டை. அன்னைக்கே பார்த்துட்டேன்."

டிரைவர் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் வெல்டர் நினைத்தார். படுத்த இடத்தைவிட்டு நகரவில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தது. டிரைவர் மண்வெட்டியை ஓங்கி மணலில் குத்தினார். இன்னொரு தடவை குத்தினார். பிறகு பின்னால் போய், ஏற்றியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ள ஆரம்பித்தார். வெல்டர் உடைந்த கட்டையையும் ஆக்சிலையும் ஸ்பிரிங்கோடு சேர்த்துச் சங்கிலியால் சுற்றி இறுக்கினார். மணலைத் தோண்டி, பலகை போட்டு, வண்டியை வெளியே எடுக்க மதியமாகிவிட்டது.

திரும்பும்போது டிரைவர் கல் இல்லாத பக்கமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். வேகம் காட்டுகிற முள் பத்தைத் தாண்டவில்லை.

கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார். வெல்டரின் கையில் சிவப்புக் கேனைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார். வேடிக்கை பார்க்கக் காலையில் வந்த கூட்டமும் கூடவே வந்தது.

"பரவாயில்லையே. எப்படி ஓடுச்சு?" என்று டிரைவரைக் கேட்டார்.

"செஞ்சவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் இறங்கினார்.

வெல்டர் கேனைக் கீழே வைத்தார்.

"வலது பக்கம் விட்டுருச்சு, சார். சங்கிலி கட்டித்தான் வந்தோம். வட்டம் போட்டிருக்கேன், பாருங்க." மேனேஜர் முகம் மாறுவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால டிரெய்லர் கொக்கியும் என் வெல்டிங்லதான் போச்சு. இவரு கூட ஏத்தல. ரெண்டு டன்தான். மூணு டன்னு நான்தான் எல்லார்கிட்டயும் கதை கட்டுனேன்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மேனேஜர் வண்டியைப் பார்த்தார், வெல்டரைப் பார்த்தார், கேனைக் குனிந்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த யார்டில் இனி அவருக்கு ஜன்னல் கம்பிகூடக் கிடையாது. கூட்டம் மெல்லக் கலைந்தது.

டிரைவர் காலை இழுத்துக்கொண்டு கேட்டுவரைக்கும் போனார். அங்கே நின்றார். திரும்பவில்லை.

"வீட்டுக்கு வா. இதை அவகிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

மேனேஜரிடம் சொன்னது சுலபம் என்று அப்போதுதான் வெல்டருக்குத் தெரிந்தது. ரொட்டி அடுப்புக்கு முன்னால் நிற்கிற தங்கையின் முகத்தை நினைத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடந்தவள். அவர் கையிலிருந்த சாக்குத்தூளைச் சட்டையில் துடைத்துவிட்டு, டிரைவருக்குப் பத்தடி பின்னால் நடக்க ஆரம்பித்தார். டிரைவரின் நடை மெதுவானது. அதைத் தாண்டிப் போக அவரால் முடியவில்லை.